கச்சான் காற்றும் திறந்த யன்னலும்: திருகோணமலையில் ஐந்து நாள்

முதலாம் நாள், வெள்ளி

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு ஏறிய பஸ், கிளிநொச்சி, வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று நின்று நின்று வந்து, பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் எங்களைத் திருகோணமலையில் இறக்கியது. ஐந்து பேர் வந்திருக்கிறோம். நான், இவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், கனடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் பெரியம்மாவின் மகன், அவருடைய மனைவி. அண்ணா நாட்டை விட்டுப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. அவர் திருகோணமலையை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் யார்தான் குடும்பமாகப் பஸ் ஏறிக் கடல் பார்க்க வந்தார்கள்?

ஐந்து நாளும் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். கடலைப் பற்றியும் கோவிலைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கடற்கரை ஊருக்குப் போகும் ஒரு குடும்பம் தன் பொருளைக் களவு கொடுக்காமல் வீட்டுக்குத் திரும்புவது எப்படி என்பதையும் சேர்த்து எழுதப் போகிறேன். அதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை நாளைக்குச் சொல்கிறேன்.

பைகள் மொத்தம் ஒன்பது. எண்ணுவது மகளின் வேலை. பஸ்ஸில் ஏறும்போதும், இறங்கும்போதும், ஓட்டோவில் ஏற்றும்போதும் "ஒன்பது" என்று சத்தமாகச் சொல்வாள். ஒரு எண் மட்டும் நினைவில் இருந்தால் போதும், எந்தப் பை எங்கே என்று யோசித்துக் குழம்ப வேண்டியதில்லை. பஸ் தட்டில் பை வைக்கும்போது பலரும் தங்கள் தலைக்கு நேர் மேலே வைப்பார்கள். அங்கே வைத்தால் நாங்கள்தான் அதைப் பார்க்க முடியாது, வேறு எல்லோரும் பார்க்கலாம். எதிர்ப்பக்கத் தட்டில் வைத்தால் இருந்த இடத்திலிருந்தே கண் வைத்திருக்கலாம். வவுனியாவில் பஸ் நின்றபோது இவர் தேத்தண்ணி குடிக்க இறங்கினார், நான் இறங்கவில்லை. ஒருவர் இறங்கினால் ஒருவர் இருப்பது எங்கள் வீட்டு ஒழுங்கு.

புறப்படும் முன்பு அண்ணியோடு ஒரு சின்ன மனத்தாங்கல். பதினொரு பவுண் தாலிக்கொடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு வாருங்கள் என்று சொன்னேன். "கோயிலுக்குப் போற இடத்திலை தாலிக்கொடி இல்லாமலோ?" என்று முகம் வாடிப்போனார். நல்லூர்த் திருவிழாவில் நகை கவனம், நகை கவனம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பதை அவரும் கேட்டு வளர்ந்தவர்தான். சன நெருக்கடியில் கொக்கியை ஒரு விரலால் கழற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் அது கூட வேண்டாம். உப்புத் தண்ணீரிலும் சண் கிறீமிலும் சங்கிலி தானாகவே வழுக்கிக் கழன்று அலையோடு போய்விடும். கடைசியில் அம்மாதான் சமாதானம் சொன்னார்: தாலி என்பது கயிற்றில் இருப்பதுதான், கொடி பிறகு வந்தது.

இருப்பது உப்புவெளியில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரு சின்னக் கெஸ்ட் ஹவுஸ். ஆறு அறைகள், எல்லாம் கீழ்த்தளம். எங்களுக்கு இரண்டு. அறைக்குள் போனதும் நான் கட்டிலில் இருக்கவில்லை. கதவின் தாழ்ப்பாள், யன்னல் கொளுவி, குளியலறைச் சின்ன யன்னல் எல்லாவற்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். இரண்டு அறையிலும் ஒரே ஒரு பிளக் பொயின்ட், அதுவும் யன்னலுக்குக் கீழே. எல்லோரும் இரவில் ஃபோனைச் சார்ஜில் போட்டு யன்னல் விளிம்பில்தான் வைப்பார்கள். நான் கொண்டு வந்த எக்ஸ்டென்ஷன் வயரை மாட்டி, ஃபோனைத் தலைமாட்டுக்கு எடுத்தேன். அண்ணாவின் அறைக்கும் ஒரு வயர் கொடுத்தேன்.

ஓகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்று, அடுப்படியில் நிற்பது போல அடிக்கிறது. வீட்டுக்காரர் ஐயா நல்ல மனிதர். "யன்னலைத் திறந்து விட்டிட்டுப் படுங்கோ பிள்ளை, சாமத்திலை கடல் காத்து வரும்" என்றார்.

இரண்டாம் நாள், சனி

காலை முழுவதும் கடலில்தான். வடக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் கடல் பார்த்தவர்களுக்குக் கூட ஓகஸ்ட் மாதத்து உப்புவெளிக் கடல் புதிதாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மற்றப் பக்கம் அடிப்பதால் மே முதல் செப்டம்பர் வரை இங்கே தண்ணீர் குளம் போலக் கிடக்கிறது. இடுப்பளவு ஆழத்தில் நின்றாலும் கால் விரல் தெரிகிறது. அதனால்தான் இந்த மாதங்களில் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும் சனம் வந்து நிறைகிறது. சனம் சேருகிற இடத்துக்குக் கள்ளனும் வருவான். அவன் இந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும் என்றில்லை. சீசனுக்கு வரும் வியாபாரி மாதிரி அவனும் வந்து போகிறவனாக இருக்கலாம்.

நாங்கள் முறை வைத்துக் குளித்தோம். மூன்று பேர் தண்ணீரில், இரண்டு பேர் கரையில். கரையில் இருக்கிறவர் ஃபோன் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. மகளுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாரும் ஒண்டாக் குளிச்சால்தானே அம்மா சந்தோசம்?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கதையை முழுவதும் சொன்னேன்.

மூன்று வருடத்துக்கு முன், தெற்கில் ஒரு கடற்கரை ஊர். அவளுக்கு நினைவிருக்கிறது, ஆனால் தொலைந்தது ஒரு ஃபோன் என்றுதான் அவளுக்குத் தெரியும். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கினோம். பையைத் துவாயால் மூடி, மேலே செருப்பை வைத்துவிட்டுப் போனோம். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது துவாயும் செருப்பும் அப்படியே இருந்தன, பை இல்லை. துவாயால் மூடுவதும், மணலுக்குள் புதைப்பதும், சப்பாத்துக்குள் பேர்ஸை வைப்பதும் எல்லோருக்கும் தெரிந்த ஒளிப்பிடம். கரையில் இருந்து பார்ப்பவனுக்கு, இங்கேதான் பெறுமதியான பொருள் இருக்கிறது என்று நாங்களே காட்டிக் கொடுக்கிறோம்.

அந்த ஃபோனில் அப்பாவின் குரல் இருந்தது. அப்பா போய் அப்போது ஐந்து மாதம். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் நாற்பதுக்கு மேல். "பிள்ளை, சாப்பிட்டாச்சோ, மழை பெய்யுதோ அங்கை" என்று இருபது விநாடி, முப்பது விநாடி. நான் ஒன்றையும் வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை. ஃபோனை எடுத்தவனுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அழித்துவிட்டு விற்றிருப்பான். இன்றைக்கும் அந்தக் குரலை நினைவில் இருந்து எழுப்பித்தான் கேட்கிறேன்.

மகள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் இருக்கிறன், நீங்கள் போய்க் குளியுங்கோ" என்றாள்.

ஆகையால் ஃபோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். பயணம் போகும் முதல் நாள் இரவே படங்களும் வாட்ஸ்அப் பதிவுகளும் இணையச் சேமிப்பில் ஏறிவிட்டனவா என்று கண்ணால் பாருங்கள். ஏறும் என்று நம்பி இருக்காதீர்கள். *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் வரும். அதை ஒரு கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அந்த எண்தான் ஃபோனின் பிறப்புச் சான்றிதழ். அடுத்தது சிம் பூட்டு. திரையைப் பூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கள்ளன் உங்கள் சிம்மைக் கழற்றித் தன்னுடைய ஃபோனில் போட்டால் வங்கியின் ஒருமுறைக் கடவு எண் அவனுக்கே வந்து விழும். சிம்முக்கு என்று தனியாக ஒரு பின் எண் போட்டுவிட்டால் அதைச் செய்ய முடியாது. போடும்போது கவனம், மூன்று தரம் பிழையாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு நிறுவனத்திடம் பி.யு.கே. எண் கேட்டு அலைய வேண்டும். இன்று கரையில் இருந்தபடியே அண்ணாவுக்கும் அண்ணிக்கும் இதைச் செய்து கொடுத்தேன்.

பின்னேரம் பட்டினத்துக்குப் போனோம். டச்சுக் குடா கடற்கரை முழுவதும் ஊர்ச்சனம். கச்சான் வறுக்கும் மணமும் இறால் வடை மணமும். கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலை அந்தி வெளிச்சத்தில் கறுத்து நின்றது. அண்ணா எதையோ யோசித்துக்கொண்டு கச்சான் கோதை உடைத்துக்கொண்டே இருந்தார். தெருவோரம் நடந்து திரும்பும்போது, வாகனத்துக்கு முகம் காட்டி நடக்கச் சொன்னேன். பின்னாலிருந்து வரும் மோட்டார் சைக்கிள்தான் சங்கிலியையும் தோள்பையையும் பறித்துக்கொண்டு ஓடும். முன்னால் வருவதைக் கண்ணால் காணலாம்.

மூன்றாம் நாள், ஞாயிறு

களவு போய்விட்டது.

விடிய ஐந்தரைக்கு அண்ணா கதவைத் தட்டினார். கையில் டோர்ச். "தங்கச்சி, என்ரை களிசானைக் காணேல்லை" என்றார். அவருடைய குரல் பிள்ளைகளின் குரல் மாதிரி இருந்தது.

அவருடைய அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஃபோன்கள் இரண்டும் தலைமாட்டில் பத்திரம். பாஸ்போட்டுகள் பூட்டிய சூட்கேசுக்குள், சூட்கேஸ் சங்கிலியால் கட்டில் காலோடு. ஆனால் யன்னலுக்கு இந்தப் பக்கம், சுவரில் அடித்த ஆணியில் இரவு கொளுவிய களிசான் இல்லை. யன்னலின் கண்ணாடி லூவர்கள் திறந்தபடி. இரும்புக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் நுளம்பு வலையில், கைப்பிடி அளவுக்கு இரண்டு வெட்டு. ஒன்று மேலிருந்து கீழாக, மற்றது பக்கவாட்டில். வலை ஒரு சின்னக் கதவு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டு அவ்வளவு நேர். பிளேட்டால் வெட்டியிருக்க வேண்டும்.

வெளியே போய்ச் சுவரோரம் பார்த்தோம். ஒரு தடி கிடந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, கிளிசறியாக் கொப்பு, பட்டை உரித்து வழுவழுப்பாக்கியது. நுனியில் ஒரு பெரிய மீன் தூண்டில் முள், தங்கூசியால் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி இறுக்கிய கட்டு. முடிச்சின் மேல் நெருப்பால் சுட்டு உருக்கி விட்டிருந்தான், அவிழாமல் இருக்க. மகள் அதைக் குனிந்து பார்த்தாள். நான் தொட வேண்டாம் என்றேன். இந்தக் கைவேலைக்கு எத்தனை இரவு பழகியிருப்பான் என்று எனக்கு நெஞ்சு பதறியது. என் பிள்ளை அடுத்த அறையில் படுத்திருந்தாள்.

ஃபோன் பற்றி எல்லோருக்கும் சொன்னேன், சார்ஜர் வயர் கொடுத்தேன். உடுப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஆணி யன்னலிலிருந்து மூன்றடி. தடி ஐந்தரை அடி. இந்தக் கணக்கை வெள்ளிக்கிழமை பின்னேரமே நான் போட்டிருக்க வேண்டும்.

பேர்ஸில் இருந்தது நாற்பத்திரண்டாயிரம் ரூபா, முந்நூறு கனேடிய டொலர், இரண்டு வங்கி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம். முதல் வேலையாக அண்ணாவை இருத்தி, இரண்டு அட்டையையும் வங்கியின் செயலிக்குள் போய் முடக்கச் செய்தேன். ஃபோன் தப்பியது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. காசும் அட்டையும் ஃபோனும் ஒரே இடத்தில் இருந்திருந்தால், முடக்குவதற்கும் வழி இருந்திருக்காது.

ஏழு மணியளவில் கரைவலை இழுக்கிறவர்களில் ஒரு பெரியவர் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கையில் அண்ணாவின் களிசான். அடம்பன் கொடிக்குள் எறிந்து கிடந்ததாம். பக்கத்திலேயே பேர்ஸ். காசு இல்லை. அட்டைகளும் அனுமதிப்பத்திரமும் இருந்தன. அண்ணா கையெடுத்துக் கும்பிட்டார். அட்டைகள் திரும்பி வந்துவிட்டனவே, முடக்கியதை எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடிக்க ஐந்து விநாடி போதும். எண்ணும் திகதியும் பின்பக்க மூன்று இலக்கமும் தெரிந்தால் இணையத்தில் பொருள் வாங்கலாம். கள்ளன் கைபட்ட அட்டை, கைக்கு வந்தாலும் வராத அட்டைதான்.

அந்தப் பெரியவர் போகும்போது சொன்னது இன்று முழுவதும் என் மனத்தில் நிற்கிறது. "இந்தச் சீசனிலை இது மூண்டாவது, பிள்ளை. ரெண்டு வீடு தள்ளி ஒண்டு, அங்காலை ஒண்டு. ஒருத்தரும் வெளியிலை சொல்ல மாட்டினம்."

வீட்டுக்காரர் ஐயா பக்கத்தில்தான் நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் இப்படி நடந்ததை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனாலும் யன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார், உடுப்பை யன்னல் பக்கம் கொளுவாதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் ஆட்கள் பயந்து வேறு இடம் போய்விடுவார்கள் என்ற பயம். அவரை நான் கெட்டவர் என்று எழுத மாட்டேன். போர், சுனாமி, கொரோனா, காசு நெருக்கடி எல்லாம் தாண்டி ஆறு அறையை வைத்துப் பிழைக்கும் மனிதர். ஆனால் அந்தப் பேசாமை கள்ளனுக்கு எத்தனை இரவைக் கொடுத்திருக்கிறது! முதலாவது வீட்டுக்காரர் வாய் திறந்திருந்தால் மூன்றாவது வீட்டில் ஆணியைக் கழற்றியிருப்பார்கள். ஐயாவிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

பிறகு பொலிஸ். அண்ணாவுக்குப் போக மனமில்லை, "போன காசு போனதுதானே" என்றார். போகத்தான் வேண்டும் என்று இவர் பிடிவாதமாக நின்றார். அட்டை நிறுவனமோ காப்புறுதியோ முறைப்பாட்டுப் பிரதியைக் கேட்கும். அதைவிட, முறைப்பாடு இல்லாத களவு பொலிஸ் புத்தகத்தில் நடக்காத களவு. மூன்று களவும் எழுத்தில் இருந்திருந்தால் இரவு ரோந்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

நிலையத்தில் எங்கள் கூற்றைச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார்கள். எங்களில் ஒருவருக்கும் அது வாசிக்கத் தெரியாது. தமிழில் எழுதித் தாருங்கள் என்று இவர் மரியாதையாகக் கேட்டார். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. கேட்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். அவர் வந்து பொறுமையாக எழுதினார். வாசித்துப் பார்த்து, பணத்தொகையில் ஒரு பிழையைத் திருத்திய பிறகே அண்ணா கையெழுத்து வைத்தார். தெரியாத மொழியில் எழுதியதில் தயவுசெய்து கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் உங்கள் கையில் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 119க்கு அழைக்கலாம். தடியையும் அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள்.

சாப்பாட்டுக்கு அண்ணி காசு எடுத்தார். எங்கிருந்து தெரியுமா? சூட்கேசில் இருந்த நாப்கின் பக்கெட்டுக்குள்ளிருந்து. நான் யாழ்ப்பாணத்தில் சொல்லிக் கொடுத்தது. பயணக் காசை மூன்றாகப் பிரித்து, அன்றைய செலவுக்கு மட்டும் பேர்ஸில், மற்ற இரண்டும் வேறு வேறு இடத்தில். அண்ணா மட்டும் பிரிக்கவில்லை.

நாலாம் நாள், திங்கள்

காலை கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டோம். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு சூடு. அப்பாவை நினைத்துக்கொண்டேன். பைகள் அண்ணியின் மடியில்.

பிறகு நிலாவெளியிலிருந்து புறாத்தீவு. நேற்றுக்குப் பிறகு அண்ணா எங்கும் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த மனிதர் ஒரு தடிக்காகக் கடலைப் பார்க்காமல் அறைக்குள் இருப்பதா? மகள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் அது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். வள்ளத்தில் போகும்போதே தண்ணீரின் நிறம் மாறுவது தெரிகிறது. அங்கே போய்த் தண்ணீருக்குள் முகத்தைக் கவிழ்த்தால் பவளப்பாறை, வரிக்குதிரை மாதிரி வரி போட்ட மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பு நுனிச் செட்டையோடு சின்னச் சுறாக்கள். ஆனால் முகத்தைக் கவிழ்த்தவருக்குக் கரையில் கண் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கும் இடத்தில், கரை முழுவதும் அவர்களுடைய பைகள். கடற்கரை ஊரில் இதைவிட வசதியான இடம் கள்ளனுக்கு வேறு இல்லை.

நாங்கள் கொண்டு போனது இவ்வளவுதான்: இரண்டு துவாய், தண்ணீர்ப் போத்தல், ரிக்கெற்றுக்கும் வள்ளத்துக்கும் கணக்கான காசு, ஒரே ஒரு பழைய ஃபோன். அறைத் திறப்பை மகளின் நீச்சல் உடுப்பின் உள்பக்கம் ஊசியால் குத்தியிருந்தேன். எங்கள் வள்ளக்கார நானா மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காட்டினார். "தங்கச்சி, ஃபோனை இதுக்குள்ள போடுங்க. நான் வள்ளத்தை விட்டு இறங்க மாட்டன்." அவர் முகத்தைப் பார்த்தேன். நேற்று விடிய எங்களுக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. நிலாவெளியிலும் போன மாதம் இப்படித்தான், ஆனால் வாடகை ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே வைத்த பை என்றார். சீட்டுப் பூட்டைத் திறக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு போதுமாம். ஸ்கூட்டர் எடுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அவர் இன்னொன்றும் சொல்வாராம்: அடமானமாகப் பாஸ்போட்டைக் கொடுக்காதீர்கள், பிரதியைக் கொடுங்கள், எடுக்கும் முன்னே வண்டியைச் சுற்றிப் படம் பிடியுங்கள்.

ஃபோனை வாளிக்குள் போட்டோம். அண்ணா ஒரு மணித்தியாலம் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது கண்ணாடி அழுத்திய வட்டம் முகத்தில் சிவந்திருந்தது. "சுறா தங்கச்சி, சுறா" என்றார்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

விடிய கோணேசர் கோவில். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். புள்ளிமான்கள் மர நிழலில் படுத்திருந்தன. ஒன்று வந்து அண்ணியின் அர்ச்சனைப் பையை முகர்ந்தது. போர்த்துக்கேயர் பழைய கோவிலைக் கொள்ளையடித்து இடித்து, அந்தக் கல்லாலேயே 1624இல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். நடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எது கோட்டைக் கல், எது கோவில் கல் என்று கண்ணுக்குப் பிரியாது.

அந்த நேரத்தில் பக்தர்கள் சில விக்கிரகங்களை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றினார்கள். 1950இல் பட்டினத்தில் கிணறு வெட்டும்போதுதான் அவை வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார். பிறகு கோவிலைத் திருத்திக் கட்டி 1963இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். சந்நிதியில் நின்றபோது எனக்கு அந்தப் புதைத்த கைகள்தான் நினைவுக்கு வந்தன. காப்பாற்றியது அவர்கள். ஆனால் இடம் தெரிந்தவர்கள் போன பிறகு, முந்நூறு வருடத்துக்கு மேலாக யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. வெளியே வந்ததும் அண்ணியிடம், சூட்கேசில் இன்னும் எங்கெங்கே காசு ஒளித்திருக்கிறீர்கள் என்று அண்ணாவுக்கும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்றேன். அண்ணி காதோடு சொன்னார். அண்ணாவின் கண் விரிந்தது.

இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவருகே கொஞ்ச நேரம் நின்றோம். கீழே கடல் கடும் நீலம்.

கெஸ்ட் ஹவுசுக்கு வந்தால், வீட்டுக்காரர் ஐயா ஒரு மின்சார வேலைக்காரரோடு எங்கள் அறையில் நிற்கிறார். பிளக் பொயின்டைக் கட்டில் தலைமாட்டுக்கு மாற்றுகிறார்கள். ஆணியைப் பிடுங்கி எதிர்ச்சுவரில் அடித்திருந்தார். யன்னலுக்குச் சின்னக் கண் உள்ள கம்பி வலை வாங்கப் பட்டினத்துக்கு ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களிடமும் நேற்று இரவு போய்க் கதைத்தாராம். "அவையளும் முறைப்பாடு குடுக்கப் போகினம், பிள்ளை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு சொல்லுறது சும்மாவோ" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மகள் பையிலிருந்து மார்க்கர் எடுத்தாள். பழைய கலண்டர் மட்டைகளில், ஆறு அறைக்கும் ஆறு: "இரவில் யன்னல் பக்கம் ஃபோன், பை, உடுப்பு எதுவும் வைக்காதீர்கள். தடி விட்டு இழுக்கிறார்கள்." இரண்டாவது வசனம் வேண்டாமே, ஆட்கள் பயப்படுவார்கள் என்று ஐயா முதலில் தயங்கினார். ஏன் என்று சொல்லாவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள் ஐயா என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, எழுதம்மா" என்றார். கீழே அண்ணா ஆங்கிலத்தில் எழுதினார். சிங்களத்தில் எழுத, குசினியில் வேலை செய்யும் கந்தளாய்ப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

இதை பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். வவுனியா தாண்டிவிட்டது. அண்ணா எதிர்ப்பக்கத் தட்டைப் பார்த்துக்கொண்டு வருகிறார். ஏறும்போது மகள் எண்ணிச் சொன்னாள், ஒன்பது.